யாருடைய நிலத்தில், யாருக்கான மின்சாரம்?

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சு இன்று நாளேடுகளிலும் முதலீட்டாளர் மாநாடுகளிலும் நிறைந்திருக்கிறது. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை, எந்த மாநிலம் முந்தும் என்பவையே அங்கு எழுப்பப்படும் கேள்விகள். அந்த எந்திரங்களுக்கான மின்சாரம் எங்கிருந்து வரும், அதற்காக யார் நிலத்தையும் நீரையும் இழப்பார்கள், அதன் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்விகள் எழுவது அரிது. ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையிலிருந்து பார்க்கும் நமக்கோ இந்த மூன்றுமே முதல் கேள்விகள்.

இவற்றைச் சென்னையிலிருந்து பார்ப்பதைவிட அய்யம்பாளையத்திலிருந்து பார்ப்பது தெளிவைத் தரும். திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூர் அது. மலையிலிருந்து இறங்கும் மருதாநதியின் நீரால் அங்கே தென்னை செழிக்கிறது. மேலே பெரும்பாறை, தாண்டிக்குடிப் பகுதிகளில் காப்பியும் மிளகும் விளைகின்றன. தோப்பும் தோட்டமும் சிலருக்கு உரியவை. அவற்றில் தேங்காய் உரிப்பதும், காப்பிப் பழம் பறிப்பதும், சுமை தூக்குவதும் பெரும்பாலும் நிலமற்றவர்களின் வேலை. சென்னைக்கு அருகே சிறுசேரியில் குளிரூட்டப்பட்ட கட்டடத்துக்குள் இயங்கும் தரவு மையத்துக்கும் இந்த அடிவாரத்துக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். தொடர்பு இருக்கிறது. மின்சாரம், நிலம், நீர், சட்டம் என்ற நான்கு வழிகளில் அது எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

ஓர் எந்திரத்தின் பசி

தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான சர்வர்களை அடுக்கி வைத்து, இரவு பகலாக இடைவிடாமல் இயக்கும் கிடங்கு. நமது கைப்பேசியில் நாம் பார்க்கும் காணொளி, அனுப்பும் பணம், கேட்கும் கேள்வி எல்லாம் ஏதோ ஒரு கிடங்கைத் தொட்டுத்தான் திரும்புகின்றன. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தக் கிடங்குகளின் தன்மை மாறியது. அதற்கெனத் தயாராகும் என்விடியா எச்100 வகைச் சில்லு ஒன்றே 700 வாட் வரை மின்சாரம் எடுக்கும். அத்தகைய 8 சில்லுகளைக் கொண்ட ஒரு சர்வர் முழு வேகத்தில் இயங்கும்போது ஏறத்தாழ 10 கிலோவாட் எடுக்கிறது. ஒரு நாளைக்கு 240 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அந்தச் சலுகையை ஒற்றைச் சர்வர் பத்து மணி நேரத்தில் தின்று முடித்துவிடும். அது வெளியிடும் வெப்பத்தைத் தணிக்கும் குளிரூட்டிகளின் மின்சாரம் இதற்கு மேல்.

இக்கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஒரு மெகாவாட் சுமை ஆண்டு முழுவதும் இடைவிடாது இயங்கினால் 87.6 லட்சம் யூனிட் ஆகும். இரண்டு மாதங்களுக்கு 200 யூனிட் செலவிடும் எளிய குடும்பங்களில் 7,300 குடும்பங்களின் ஓராண்டுத் தேவைக்கு அது சமம். 100 மெகாவாட் தரவு மையம் என்றால் 7.3 லட்சம் குடும்பங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 21.6 லட்சம். குடும்பத்துக்கு நான்கு பேர் என்று கொண்டால் 5.4 லட்சம் வீடுகள். அதாவது முழுச் சுமையில் இயங்கும் ஒரே ஒரு பெரிய தரவு மையம், இந்த அளவில் மின்சாரம் செலவிடும் ஒரு மாவட்டத்தின் வீடுகள் அனைத்தையும் விஞ்சிவிடும்.

உலக அளவிலும் இதே போக்குதான். 2024ஆம் ஆண்டில் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைப் பயன்படுத்தின என்றும், இது உலக மின் நுகர்வில் 1.5 விழுக்காடு என்றும், 2030இல் இது இரு மடங்குக்கும் மேலாகி 945 டெராவாட் மணியை எட்டும் என்றும் பன்னாட்டு எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் கணித்தது. அயர்லாந்தில் 2023ஆம் ஆண்டு விற்பனையான மின்சாரத்தில் 21 விழுக்காட்டைத் தரவு மையங்களே எடுத்துக்கொண்டன. அந்நாட்டு நகர வீடுகள் அனைத்தும் சேர்ந்து பயன்படுத்தியதைவிட அது அதிகம். தலைநகர் டப்ளினைச் சுற்றிப் புதிய தரவு மையங்களுக்கு இணைப்பு வழங்குவதையே அங்கு நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. செல்வந்த நாடே திணறும் சுமையை, 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்னும் உச்சத் தேவையைச் சந்தித்த தமிழ்நாட்டு மின்கட்டமைப்பின் மீது ஏற்றப்போகிறோம்.

எல்லாக் கணினிப் பயன்பாடும் ஆடம்பரம் என்று நாம் சொல்லவில்லை. 108 அவசர ஊர்தியை அழைப்பதும், உதவித்தொகை வங்கிக் கணக்கில் வருவதும், பட்டாவை இணையத்தில் சரிபார்ப்பதும் இதே எந்திரங்களால்தான் நடக்கின்றன. அவை ஏழைகளுக்கும் தேவை. மறுபுறம், பிட்காயின் போன்ற மறையீட்டு நாணயங்களை உருவாக்க உலகெங்கும் எண்ணற்ற எந்திரங்கள் ஒரே புதிருக்கு விடை தேடிப் போட்டியிடுகின்றன. ஒன்றின் விடை மட்டுமே ஏற்கப்படும். மற்றவை செலவிட்ட மின்சாரம் முழுவதும் வீண். விளம்பரத்தை இன்னும் கூர்மையாக்கவும், பொழுதுபோக்குப் படங்களை நொடியில் உருவாக்கவும் எரியும் மின்சாரமும் உண்டு. தேவைக்கும் ஆடம்பரத்துக்கும் இடையே கோடு கிழிப்பது கடினம்தான். ஆனால் மின் இணைப்பு வரிசையில் யாரை முன்னே நிறுத்துவது என்று அரசு முடிவெடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு கிழிக்கப்படுகிறது. நம்மைக் கேட்காமலேயே கிழிக்கப்படுகிறது என்பதே சிக்கல்.

அம்பேத்கர் எழுப்பிய கேள்வி

மின்சாரம் என்பது பொறியாளர்களின் விவகாரம் என்று ஒதுங்கும் உரிமை நமக்கு இல்லை. இந்தியாவின் மின் கொள்கைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் புரட்சியாளர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. நடுவண் தொழில்நுட்ப மின்வாரியம் 1944இலும், இன்றைய நடுவண் நீர் ஆணையத்தின் முன்னோடி 1945இலும் அவர் காலத்தில் உருவாயின. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் மகாநதித் திட்டத்துக்கும் அவர் துறையே வழிவகுத்தது.

1943 அக்டோபர் 25 அன்று மின்சாரக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரையின் சாரம் இன்றைக்கும் பொருந்தும். மின்சாரம் தனியார் உடைமையா, அரசு உடைமையா என்று அவர் கேட்டார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்க வேண்டும் என்றார். அதன் இறுதி நோக்கம் மக்களை ஓயாத வறுமைச் சுழலிலிருந்து மீட்பதே என்று வலியுறுத்தினார். எந்திரங்களைக் கண்டு அவர் அஞ்சியதில்லை. உடலுழைப்பின் சுமையிலிருந்து மனிதரை விடுவித்து, சிந்திக்கவும் கற்கவும் ஓய்வைத் தருவது எந்திரம் என்பதே அவர் நிலைப்பாடு. கிராமத்துக்குத் திரும்புங்கள் என்ற அழைப்பு, சேரிக்குத் திரும்புங்கள் என்பதாகவே நம் மக்களுக்கு முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே, தொழில்நுட்பத்தை எதிர்ப்பது நமது வாதமன்று. எந்திரம் யாருக்கு ஓய்வைத் தருகிறது, யாருடைய உழைப்பையும் நிலத்தையும் உண்டு ஓடுகிறது என்பதே நமது வாதம். தாராளமும் மலிவும் யாருக்கு என்பதை வைத்துத்தான் அம்பேத்கரின் அளவுகோலில் ஒரு மின் திட்டத்தை மதிப்பிட முடியும்.

இரவு மின்சாரம் எங்கிருந்து வரும்?

தரவு மையத்துக்கு நள்ளிரவிலும் நண்பகலிலும் ஒரே அளவு மின்சாரம் வேண்டும். இதுவே மற்ற நுகர்வோரிடமிருந்து அதை வேறுபடுத்துகிறது. அதற்கு இருக்கும் வழிகள் சில.

முதலாவது நிலக்கரி. அதன் விலையை எண்ணூரும் நெய்வேலியும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. மீன்பிடித்து வாழ்ந்தோரின் வாழ்வு சிதைந்தது. நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் 2023 சூலையில் கதிர் பிடிக்கும் பருவத்தில் இருந்த நெல் வயல்களில் எந்திரங்கள் இறக்கப்பட்டதைத் தமிழ்நாடே பார்த்தது. அந்தக் காட்சியில் நில உரிமையாளரின் இழப்பு பேசப்பட்டது; அதே வயலில் நடவும் களையெடுப்பும் செய்து வாழ்ந்த கூலித் தொழிலாளியின் இழப்பு பேசப்படவில்லை. பட்டா இல்லாதவருக்கு இழப்பு இல்லை என்பது எழுதப்படாத விதி.

இரண்டாவது சூரிய ஆற்றல். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அதானி குழுமம் 4,550 கோடி ரூபாயில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அமைத்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர். ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் என்ற கணக்கு வருகிறது. சூரியன் நாள் முழுவதும் இருப்பதில்லை. ஒரு சூரிய மின் நிலையம் சராசரியாகத் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கையே தரும். எனவே 100 மெகாவாட் தரவு மையத்தை ஆண்டு முழுவதும் சூரிய ஆற்றலால் மட்டுமே இயக்க 500 மெகாவாட் தகடுகளும் ஏறத்தாழ 2,000 ஏக்கர் நிலமும் வேண்டும். வறண்ட நிலம்தானே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வறண்ட நிலத்தில்தான் ஆடு மேய்கிறது. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். மழை பெய்தால் குத்தகைக்கோ கூலிக்கோ மிளகாயும் சோளமும் விளைவிக்கிறார்கள். கமுதியில் தகடுகளைத் துடைக்கும் வேலையைக்கூட எந்திர மனிதர்கள் செய்கின்றன. கட்டுமானம் முடிந்தபின் நிலமற்றவருக்கு அங்கே இடமில்லை.

மூன்றாவது காற்றாலை. முப்பந்தல், பல்லடம் பகுதிகளில் மே முதல் செப்டம்பர் வரை காற்று அள்ளிக் கொடுக்கும். மற்ற மாதங்களில் அடங்கிவிடும். சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தைச் சேமித்து வைத்தால்தான் இடைவிடாத தேவைக்கு உதவும். சேமிப்பு என்ற சொல் வந்ததும் திட்ட வகுப்பாளர்களின் பார்வை மலைகளின் பக்கம் திரும்புகிறது.

மலைக்கு வரும் திட்டங்கள்

நீரேற்று மின் நிலையம் என்பது எளிய அமைப்பு. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம். பகலில் மிகுதியாகக் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு கீழிருக்கும் நீரை மேலே ஏற்றுவார்கள். இரவில் அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவழித்த மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இழப்பாகும். எஞ்சியது தேவையான நேரத்தில் கிடைக்கும். ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் 1980களின் இறுதியிலிருந்து இப்படித்தான் இயங்கி வருகிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் நிலையம் கட்டப்படுகிறது. மின்வாரியம் புதிய நீரேற்றுத் திட்டங்களுக்கென அடையாளம் கண்ட இடங்களின் பட்டியலில் பழனி மலையின் நீரைப் பெறும் பாலாறு–பொருந்தலாறு, மஞ்சளாறு ஆகிய பெயர்களும் இடம்பெற்றன.

இத்திட்டங்கள் அனைத்தையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவில்லை. நிலக்கரியைக் குறைக்க வேண்டுமானால் சேமிப்பு தேவை. ஆனால் மலையில் சுரங்கம் குடையவும் நீர்த்தேக்கம் கட்டவும் முன்வரும்போது அங்கே வாழ்வோர் யார், அவர்களின் உரிமை எந்த ஏட்டில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டாக வேண்டும். இங்கேதான் பழனி மலைக்கே உரிய ஓர் அநீதி குறுக்கிடுகிறது.

பழனி மலையில் பளியர்களும் மலைப்புலையர்களும் தலைமுறைகளாக வாழ்கின்றனர். பளியர்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளனர். மலைப்புலையர்களோ பட்டியல் சாதியில் வைக்கப்பட்டு, பழங்குடித் தகுதியைக் கோரிப் போராடி வருகின்றனர். இது வெறும் சான்றிதழ்ச் சிக்கலன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்நிலத்தில் இருப்பதை நிறுவினால் போதும். பழங்குடி அல்லாத பிற வனவாசிகள் அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள் அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட, தோட்டக் குடியிருப்புகளில் பெயர்கூடப் பதியப்படாமல் வாழ்ந்த மக்கள் 75 ஆண்டு ஆவணத்துக்கு எங்கே போவார்கள்? ஒரே மலையில், ஒரே காட்டில், அருகருகே வாழும் இரு சமூகங்களுள் ஒன்றுக்கு உரிமை எட்டாக் கனியாகிவிடுகிறது. உரிமை பதிவாகாதவரை, நாளை ஒரு திட்டத்துக்கு வனநிலம் மாற்றப்படும்போது அவர்களின் ஒப்புதல் கேட்கப்படாது; இழப்பீட்டுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைச் சட்டம் பின்பற்றப்பட்டதா என்று சரிபார்ப்பதை ஒன்றிய அரசின் அனுமதிக்குப் பிந்தைய கட்டத்துக்குத் தள்ளிவிட்டதால் ஆபத்து இன்னும் கூடியிருக்கிறது.

தொழில்நுட்பத்தின் பயன் ஓரிடத்துக்கும் கழிவு ஓரிடத்துக்கும் போவதைப் பழனி மலை ஏற்கெனவே அறியும். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் எந்திரங்கள் 1980களில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே உருவான வெப்பமானிகள் ஏற்றுமதியாயின. பாதரசக் கழிவு மூஞ்சிக்கல்லில் உள்ள பழைய இரும்புக் கடையில் 2001இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை மூடப்பட்டது. இந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில்தான். நீதிக்கு 15 ஆண்டுகள். பின்னர் இழப்பீடு கேட்பதைவிட முன்னரே ஒப்புதல் கேட்க வைப்பதே மேல் என்பது இதிலிருந்து நாம் கற்ற பாடம்.

சட்டத்தில் உள்ள ஓட்டைகள்

வழக்குரைஞர்கள் என்ற முறையில் நாங்கள் சுட்டிக்காட்ட விரும்புவது, இந்தத் தொடரின் பெரும்பாலான கண்ணிகளில் மக்களின் குரலைக் கேட்கும் கடமையே இல்லை என்பதைத்தான்.

தரவு மையம் கட்டடமாகக் கருதப்படுகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. சூரிய மின் நிலையத்துக்கோ அந்த அறிவிக்கையின் கீழ் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. ஆக, மின்சாரத்தை உண்ணும் இடத்திலும் கேள்வி இல்லை. அதை விளைவிக்கும் இடத்திலும் கேள்வி இல்லை.

நிலத்தின் நிலையும் இதுவே. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஒரு முன்னேற்றம். நிலமே இல்லாவிட்டாலும் அப்பகுதியில் மூன்றாண்டுகள் விவசாயக் கூலியாகவோ குத்தகையாளராகவோ வாழ்ந்த குடும்பத்தை அதன் பிரிவு 3 பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிரிவு 41, 42 தனிப் பாதுகாப்புகளைத் தருகின்றன. தமிழ்நாட்டில் இந்தக் கதவு பாதி மூடப்பட்டிருக்கிறது. தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் அதை ஏற்க மறுத்தது. உடனே மாநில அரசு அச்சட்டங்களுக்கு மீண்டும் உயிரூட்டும் சட்டத்தை இயற்றியது; உச்ச நீதிமன்றம் 2021 சூனில் அதைச் செல்லும் என்றது. எனவே தொழிற்பேட்டைக்காக நிலம் எடுக்கும்போது நிலமற்றவரின் இழப்பை அளக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு இங்கே கட்டாயமில்லை. நிறுவனமே நேரடியாக விலைக்கோ குத்தகைக்கோ நிலத்தைப் பெற்றால் கூலித் தொழிலாளி எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இத்துடன் பஞ்சமி நிலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணையின் மூலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது; அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. அதை மீட்கக் காரணையில் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். இன்று தரவு மையங்கள் முளைக்கும் சிறுசேரி அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. எந்தத் தரவு மையமும் பஞ்சமி நிலத்தில் நிற்கிறது என்று நாம் இங்கே குற்றம் சாட்டவில்லை. ஆனால் தரவு மையத்துக்கோ, சூரிய மின் நிலையத்துக்கோ, துணைமின் நிலையத்துக்கோ நிலம் தேடப்படும் ஒவ்வோர் ஊரிலும் பழைய 'அ' பதிவேட்டைத் திறந்து, அது நிபந்தனைப் பட்டா நிலமா என்று பார்க்காமல் ஒரு சென்ட்கூடக் கைமாறக் கூடாது என்கிறோம்.

செலவு யாருக்கு, சலுகை யாருக்கு?

தமிழ்நாடு அரசு 2021 நவம்பரில் தரவு மையக் கொள்கையை வெளியிட்டது. மின்வரிச் சலுகை, முத்திரைத்தாள் கட்டணச் சலுகை, தடையற்ற மின்சாரத்துக்கு இரு வழி இணைப்பு எனப் பல வாக்குறுதிகள் அதில் உள்ளன. அதே காலத்தில் மின்கட்டணம் 2022 செப்டம்பரில் பெருமளவு உயர்ந்தது. 2023, 2024 சூலைகளில் மீண்டும் உயர்ந்தது. கிடங்குக்கான உயரழுத்தக் கம்பியும் துணைமின் நிலையமும் பொதுச் செலவில் அமைந்து, அதன் மீதான வரியும் விலக்கப்பட்டால், அந்தச் செலவு மற்ற நுகர்வோரின் கட்டணத்தில்தான் இறங்கும். சிறு கடை வைத்திருப்பவரும் தையல் எந்திரம் ஓட்டுபவரும் செயற்கை நுண்ணறிவுக்கு மானியம் கொடுப்பவர்களாக மாறுகிறார்கள்.

மறுபுறம், பட்டா இல்லை என்ற ஒற்றைக் காரணத்தால் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், உரிமையாளர் ஒப்புதல் இல்லை என்பதால் தோட்டக் குடியிருப்புகளுக்கும் மின் இணைப்பு தட்டிக்கழிக்கப்படுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் பிரிவு 43, உரிமையாளர் மட்டுமன்றி, அங்கே குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்பு வழங்குவதைக் கடமையாக்குகிறது. பிரிவு 6, சிற்றூர்கள் குக்கிராமங்கள் உள்ளிட்ட அனைத்துப் பகுதிகளுக்கும் மின்சாரம் கிடைக்க ஒன்றிய, மாநில அரசுகள் இணைந்து முயல வேண்டும் என்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புறம்போக்குக் குடியிருப்பினர் தொடர்பான டி.எம். பிரகாஷ் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் மின்சாரம் பெறுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. பட்டா இல்லாமை வாழ்வுரிமையைப் பறிக்கக் காரணமாகாது என்பதே அதன் சாரம்.

கிடங்குக்கு இரு வழி இணைப்பை வாக்களிக்கும் அரசால், குடிசைக்கு ஒரு வழி இணைப்பை மறுக்க முடியாது. இதை அரசியல் முழக்கமாக மட்டுமன்றிச் சட்ட வாதமாகவும் முன்வைக்கிறோம்.

நாம் கோருவது

முதலாவதாக, கட்டணம். மின்சாரச் சட்டத்தின் பிரிவு 62(3), நுகர்வின் அளவையும் நேரத்தையும் நோக்கத்தையும் பொறுத்து வேறுபட்ட கட்டணம் விதிக்க ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அதைப் பயன்படுத்திப் பெரும் தரவு மையங்களைத் தனி நுகர்வோர் வகையாக்க வேண்டும். அவற்றுக்கான கம்பி, துணைமின் நிலையம், சேமிப்பு ஆகியவற்றின் முழுச் செலவையும் அவற்றிடமே பெற வேண்டும். மின்வரிச் சலுகையைத் திரும்பப் பெற வேண்டும்.

இரண்டாவதாக, வரிசை. ஒரு மாவட்டத்தில் புறம்போக்கு, தோட்ட, வனக் குடியிருப்புகளின் நிலுவை விண்ணப்பங்கள் தீர்க்கப்படாதவரை அங்கே ஆடம்பரப் பெருஞ்சுமைகளுக்குப் புதிய இணைப்பு வழங்கக் கூடாது.

மூன்றாவதாக, நிலம். சூரிய மின் நிலையங்களுக்கும் தரவு மையங்களுக்கும் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். கூலித் தொழிலாளரும் மேய்ச்சலாளரும் பாதிக்கப்பட்டோராகக் கணக்கிடப்பட வேண்டும். ஒருமுறை இழப்பீட்டுடன் நில்லாமல், மின் விற்பனையில் பங்கு அவர்களின் கூட்டுறவுக்கு வர வேண்டும். நிலத்தைத் தேடுவதற்கு முன் ஆலைக் கூரைகளிலும் அரசுக் கட்டடங்களிலும் தரவு மையங்களின் கூரைகளிலும் தகடுகள் ஏற வேண்டும்.

நான்காவதாக, மலை. மலைப்புலையர்களின் பழங்குடித் தகுதிக் கோரிக்கைக்குத் தீர்வு காணப்படும் வரையிலும், நிலுவையில் உள்ள வன உரிமை மனுக்கள் முடிவுறும் வரையிலும் பழனி மலையில் எந்த நீரேற்றுத் திட்டத்துக்கும் வன அனுமதி கோரக் கூடாது.

இவற்றுக்கான களங்கள் நம் கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. கட்டண உத்தரவு வருமுன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் ஆட்சேபணைகளைப் பரிசீலித்தாக வேண்டும் என்கிறது பிரிவு 64. அந்த விசாரணைகளில் தொழிலதிபர் சங்கங்கள் தவறாமல் எழுந்து பேசுகின்றன. சேரியின் சார்பில் எழுந்து பேசுபவர்கள் மிகக் குறைவு. இனி நாம் பேச வேண்டும். மலையூர்களிலும் அடிவாரத்து ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. நிலப் பதிவேடுகளின் நகலைக் கேட்டும், மின் இணைப்பு நிலுவைப் பட்டியலைக் கேட்டும் அங்கே தீர்மானம் நிறைவேற்றலாம். அய்யம்பாளையம் போன்ற பேரூராட்சிகளில் கிராம சபை இல்லை. அங்கே பகுதி சபையைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் உள்ள மறுப்பை நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், தேவைப்பட்டால் உயர்நீதிமன்றத்துக்கும் கொண்டு செல்ல முடியும். வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பியதை எங்கும் கொண்டு செல்ல முடியாது.

மின்சாரம் வறுமையிலிருந்து மீள்வதற்கான கருவி என்றார் அம்பேத்கர். நம் நிலத்தையும் நீரையும் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு, நம் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும் கம்பி அந்தக் கருவியாகாது. அந்தக் கம்பியில் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இனி நாம் கணக்குக் கேட்போம்.